எத்தனை வருஷத்துக்கு?

ஓராண்டு உரிமத்தில் நிலம் வைத்திருக்கும் ஒருவரிடம் போய், ஏழெட்டு ஆண்டு கழித்துக் காய்க்கப்போகும் மரத்தை நடுங்கள் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

வேளாண்காடு பற்றிப் படிக்கத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. வேளாண்காடு ஒன்றும் புதிய சங்கதியல்ல. பயிரும் மரமும், முடிந்தால் ஆடு மாடும், ஒரே நிலத்தில் ஒன்றுக்கொன்று உதவும்படி சேர்ந்திருப்பதுதான். நம் பாட்டிமார்களுக்கு இது தெரியும். பெயர் மட்டும்தான் தெரியாது. 1978-இல் நைரோபியில் இதற்கென்றே ஓர் அனைத்துலக ஆய்வு மையம் இயங்கத் தொடங்கிய பிறகு அது அறிவியல் துறையாகவும் வளர்ந்தது. 2019-இல் ஐ.நா.வின் பருவநிலைக் குழு நிலத்தைப் பற்றி ஒரு சிறப்பு அறிக்கை வெளியிட்டது. புவி மேலும் சூடாவதைக் குறைக்கவும், ஏற்கனவே வந்துவிட்ட சூட்டைத் தாக்குப்பிடிக்கவும் உதவும் வழிகளில் ஒன்றாக வேளாண்காட்டையும் அது சொல்கிறது.

சொல்வதற்குக் காரணம் உண்டு. மரநிழல் மண்ணின் சூட்டைத் தணிக்கிறது. விழும் இலை மட்கி மண்ணைப் பஞ்சுபோல் ஆக்குகிறது. பெய்யும் மழை ஓடிவிடாமல் உள்ளே இறங்குகிறது. ஆழமான வேர், சிறு பயிரின் வேருக்கு எட்டாத சத்தை மேலே இழுத்து, உதிரும் இலை வழியாகத் திருப்பித் தருகிறது. அவரையினத்து மரமென்றால் காற்றிலுள்ள நைட்ரஜனும் மண்ணுக்கு வந்து சேரும். ஒரு பயிர் பொய்த்த வருஷத்தில் இன்னொன்று கைகொடுக்கும்.

நட்டமும் உண்டு. அதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பக் கூடாது. மரம் வெளிச்சத்துக்குப் போட்டி போடும். செம்பனையை வழக்கம்போல 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண முறையில் நட்டால் ஹெக்டருக்குச் சுமார் 142 மரம் வரும். ஆறேழு வருஷத்தில் ஓலைகள் மேலே கைகோத்துக்கொள்ளும். அப்புறம் அதற்குக் கீழே வெயில் தேவைப்படும் எதுவும் உருப்படியாக வராது. ஊடுபயிர் வேண்டுமென்றால் வரிசைகளை அகலமாக்க வேண்டும். பல பயிர் என்றால் பல அறுவடை, பல சந்தை, கூடுதல் ஆள்; இயந்திரம் நுழைவதும் கஷ்டம். ஆனால் இதெல்லாம் கணக்குப் போட்டுத் தீர்க்கக்கூடிய பிரச்சினைகள். இந்தக் கணக்கில் யாரும் எழுதாத ஒன்று இருக்கிறது. அது காலம்.

*

நான் மழைநீர் வடிகால்களை வடிவமைக்கும் சிவில் பொறியாளன். உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பட்டம், ஓர் ஆலோசனை நிறுவனத்தில் ஐந்தாறு வருஷ வேலை. எங்கள் தொழிலில் எதை எடுத்தாலும் அதற்கு ஒரு காலத்தை எழுதிவிடுவோம். பெரிய வெள்ளத்தைக் கடத்திவிடும் அமைப்பு என்றால் 100 ஆண்டு மழைக்குக் கணக்கிடுவோம். நூறு வருஷத்துக்கு ஒருதடவைதான் வரும் என்று அர்த்தமில்லை. எந்த ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டாலும் அப்படியொரு மழை பெய்ய நூற்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கிய பிறகு, பழைய மழைப் பதிவுகளை வைத்துக்கொண்டு அந்த எண்ணை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. சூடான காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். நூறு என்று நாம் எழுதியது இனி நூறாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கிள்ளானுக்கு வெளியே ஒரு வடிகால் அளவை வேலைக்குப் போயிருந்தேன். வடிகால் போகிற வழியில், உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே கீரைத் தோட்டம். கிள்ளான் பள்ளத்தாக்கில் நெடுஞ்சாலையில் போகிற எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். மின்கோபுரங்களின் காலடியில் பச்சைப் பசேலென்று பாத்திகள்: மரவள்ளி, சர்க்கரைவள்ளி, கீரை, பயற்றங்காய். அங்கே வீடு கட்ட முடியாது. கம்பியை நெருங்கும் உயரத்துக்கு மரம் வளர்க்கவும் முடியாது. அதனால்தான் அந்த இடம் இன்னும் ஏழைகளுக்கு மிஞ்சியிருக்கிறது.

தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பாட்டிக்கு எழுபது தாண்டியிருக்கும். தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, தோட்டம் விற்கப்பட்ட பிறகு மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்தவர். வெயில் மண்டையைப் பிளந்தது.

“ஓரமா ரெண்டு சின்ன மரம் இருந்தா நல்லாருக்கும்ல பாட்டி?” என்று பேச்சுக்குக் கேட்டேன்.

“கீரைன்னா இருவத்தஞ்சு நாளுய்யா. நட்டது என் கைக்கு வந்துரும். மரம்னா யாரு கைக்குப் போவும்?”

அவருக்கு மரத்தின் அருமை தெரியாமலில்லை. தண்ணீர் தேங்காதபடி பாத்தியை உயர்த்தியிருந்தார். வெட்டிய புல்லைத் தூக்கி வீசாமல் பாத்திகளுக்கு நடுவே பரப்பி மண்ணை மூடியிருந்தார். வேளாண்காடு பற்றிய கையேடுகள் பக்கம் பக்கமாகச் சொல்வதில் பாதியை அவர் செய்துகொண்டுதான் இருந்தார். மீதிப் பாதிக்கு ஏழு வருஷம் வேண்டும். அது அவரிடம் இல்லை.

பக்கத்தில் நான் அளந்துகொண்டிருந்த வடிகால் 100 ஆண்டு மழைக்கானது.

*

மலேசியாவின் தேசிய நிலச் சட்டத்தொகுப்பு 1965-இல் வந்தது. அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்த அதில் ஓர் உரிமம் உண்டு. மக்கள் வாயில் அதன் பெயர் டி.ஓ.எல். கொடுக்கப்பட்ட ஆண்டின் டிசம்பர் 31-உடன் அது முடிந்துவிடும். விண்ணப்பித்துப் புதுப்பிக்கலாம், புதுப்பித்துத் தராமலும் போகலாம். கேமரன் மலையில் காய்கறி போடும் தமிழர்களிலும் சீனர்களிலும் பலர் பத்து இருபது வருஷங்களாக இந்த உரிமத்தை நம்பித்தான் மண்ணைக் கொத்தியிருக்கிறார்கள்.

ஓராண்டுக்குள் எது அடங்கும்? கீரை அடங்கும், வெண்டி அடங்கும், தக்காளியும் அடங்கும். செம்பனை முதல் குலை தள்ள 3 ஆண்டு கேட்கும். பால்மரம் வெட்டுக்கு வர 5 முதல் 7 ஆண்டு. விதையிலிருந்து வளர்ந்த டுரியானுக்கு 7 முதல் 10 ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். சட்டத்தில் ‘மரம் நடாதே’ என்று ஒரு வரியும் வேண்டியதில்லை. வருஷத்தை எண்ணிக் கொடுத்தாலே போதும். மரம் தானாக நின்றுவிடும்.

இது நம் ஊர் விவகாரம் மட்டுமல்ல. லூயிஸ் ஃபோர்ட்மன் போன்ற ஆய்வாளர்கள் 1980-களில், நிலத்தின் உரிமை வேறு, மரத்தின் உரிமை வேறு என்பதைக் கவனித்து எழுதினார்கள். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் குத்தகைக்காரர்களையும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களையும் மரம் நட விடுவதில்லை. காரணம், மரம் நட்டவருக்கு அந்த மண்ணில் ஒரு பிடி விழுந்துவிடும் என்ற பயம். மக்காச்சோளம் போடு, பரவாயில்லை, மா நடாதே.

நைஜர் நாட்டின் கதை இதன் மறுபக்கம். பிரெஞ்சுக் காலனியச் சட்டத்தின் தொடர்ச்சியாக, அங்கே வயலில் நிற்கும் மரமும் அரசுடைமை போலவே நடத்தப்பட்டது. வெட்டினால் அபராதம். அதனால் முளைத்து வரும் கன்றை யாரும் காப்பாற்றவில்லை, உழும்போதே பெயர்த்தெறிந்தார்கள். 1980-களின் கொடும் வறட்சிக்குப் பிறகு அந்தப் பிடி நடைமுறையில் தளர்ந்தது. வயலில் நிற்கும் மரம் தன்னுடையது என்று விவசாயி நம்பத் தொடங்கினார். மண்ணுக்குள் உயிரோடு கிடந்த பழைய அடிக்கட்டைகளின் தளிர்களை அவர்களே காத்து வளர்த்தார்கள். மரடி, ஸிண்டர் வட்டாரங்களில் சுமார் 50 லட்சம் ஹெக்டரில் மரங்கள் திரும்பி வந்தன. பெரும்பகுதியில் யாரும் ஒரு கன்றுகூட வாங்கி நடவில்லை.

இதைப் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான். ‘நம் விவசாயிகளுக்குத் தொலைநோக்கு இல்லை, பொறுமை இல்லை’ என்று கருத்தரங்குகளில் சொல்கிறார்கள். பொறுமையை ஒரு குணமாகவே நாம் பேசிப் பழகிவிட்டோம். நிலப்பட்டா உள்ளவனுக்குப் பொறுமை எளிதாக வருகிறது. இல்லாதவனுக்கு அது ஒரு சூதாட்டம்.

*

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களுக்கும் மரத்துக்கும் உள்ள உறவு ஒரு நூற்றாண்டைத் தாண்டியது. 1890-களில் சிலாங்கூரில் காப்பிதான் ராஜா. காப்பிச் செடிகளுக்கு இடையே சோதனையாக நடப்பட்ட ரப்பர், காப்பி விலை சரிந்ததும் மொத்த இடத்தையும் எடுத்துக்கொண்டது. யோசித்தால் வேடிக்கைதான். இந்த நாட்டின் பழைய ரப்பர் தோட்டங்களில் சில, ஊடுபயிராகத்தான் தொடங்கின. 1917-இல் கோல சிலாங்கூரில் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயர் தமிழில் இருந்தது, நிலம் அவரிடம் இருந்தது.

தோட்டத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் மரம்தான். ஆனால் அது காடு அல்ல. ஒரே மரம், ஒரே வயது, ஒரே இடைவெளி. ஆரம்ப காலத்தில் பால்மரத்தின் கீழ் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பது துரைமார்களின் கட்டளை. நிரை நிரையாகக் குனிந்து களை கொத்தி, வெறும் மண் தெரிய வைத்தவர்கள் நம் ஆட்கள், பெரும்பாலும் பெண்கள். சரிவுகளில் மேல்மண் மழையோடு கரைந்து ஆற்றுக்குப் போனது. 1920-களிலும் 30-களிலும்தான் அதன் விலை நிர்வாகங்களுக்கு உறைத்தது. புயெராரியா, கலப்பகோனியம் என்று அவரையினக் கொடிகளை விதைத்து மண்ணை மூடச் சொன்னார்கள். பிடுங்கு என்று சொன்ன அதே வாய் விதை என்றது. பிடுங்கிய அதே கை விதைத்தது. இரண்டு தடவையும் அந்தக் கைக்குச் சொந்தக்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதே காலத்தில் லயத்துக்குப் பின்னால் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குப் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ 1/16 ஏக்கர் ஒதுக்க வேண்டும் என்று காலனியத் தொழிலாளர் சட்டம் சொன்னது. கணக்குப் போட்டால் சுமார் 2,720 சதுர அடி. எல்லாத் தோட்டத்திலும் அது ஒழுங்காகக் கிடைத்ததா என்பது வேறு கதை. கிடைத்த இடத்தில் நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பழைய தோட்டத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். வேலியோரம் முருங்கை. கிணற்றடித் தண்ணீர் ஓடும் பக்கம் வாழை. வாழை நிழலில் கறிவேப்பிலைக் கன்று. நடுவே மரவள்ளி, தரையில் பூசணிக்கொடி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பலா. மூலையில் மாட்டுக்கொட்டகை, சாணி வாழைக்கு, வாழைத்தண்டும் மட்டையும் மாட்டுக்கு. மூன்று அடுக்கு, ஒரு சுழற்சி. நைரோபியில் மையம் தொடங்குவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே இதை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரே தோட்டம், ஒரே மழை, ஒரே கைகள். பெரிய நிலத்தில் அந்தக் கைகள் ஒற்றைப் பயிரை வளர்த்தன. சின்ன நிலத்தில் காட்டை வளர்த்தன. பெரிய நிலத்துக்கு முடிவெடுத்தவர்கள் லயத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்துப் பாடம் கற்றதாக நான் எங்கும் படித்ததில்லை.

பிறகு தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தாமான்களாயின. பந்தல் போட்டுத் திருவிழா நடத்திய இடத்தில் இன்று சுங்கச்சாவடி இருக்கிறது. வெளியேறியவர்களுக்கு நட்டஈடு பேசிய இடங்களில், வேலை செய்த வருஷத்துக்குக் கணக்குப் பார்த்தார்கள். பலாவுக்கும் முருங்கைக்கும் கணக்கு இருந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

*

தோட்டத் தமிழர்களின் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று இதே சிலாங்கூரில் நடந்தது. 1990-களின் நடுவில், சிப்பாங்கில் புதிதாக எழும் விமான நிலையத்துக்கு நெடுஞ்சாலை போடுவதற்காக, டிங்கிலில் புக்கிட் தம்போய் கிராமத்துத் தெமுவான் பூர்வகுடிகளின் சுமார் 38 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. 1954-ஆம் ஆண்டின் பூர்வகுடிச் சட்டத்தின்படி வீடுகளுக்கும் பயிர்களுக்கும் பழமரங்களுக்கும் நட்டஈடு கிடைத்தது. நிலத்துக்குக் கிடைக்கவில்லை. சகோங் தாசியும் அவருடைய கிராமத்தாரும் நீதிமன்றம் போனார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து பயிரிட்டதால் அந்த நிலத்தின் மீதே அவர்களுக்கு வழக்காற்று உரிமை உண்டு என்று 2002-இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது.

தெமுவான் மக்களுக்கு முதலில் மரத்துக்குக் காசு கிடைத்தது, மண்ணுக்குக் கிடைக்கவில்லை. தோட்டத் தமிழர்களுக்கு இரண்டும் இல்லை. இரண்டு வரலாறுகளும் ஒன்றல்ல. அவர்கள் இந்த மண்ணின் மூத்த குடிகள், நாம் கப்பலேறி வந்தவர்கள். நாம் வேலை செய்த தோட்டங்களில் சில, அவர்களைப் போன்றவர்களின் காட்டை அழித்து வந்தவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் அந்தத் தீர்ப்பில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. நீண்டகாலம் மண்ணைப் பராமரிப்பது வெறும் உழைப்பு மட்டுமல்ல, அதிலிருந்து உரிமை பிறக்கலாம் என்று ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆப்பிரிக்காவில் குத்தகைக்காரரை மா நடவிடாமல் தடுத்தவர்கள் பயந்தது இதைத்தான்.

*

சரி, நிலத்தைக் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? இந்த இடத்தில் என் வாதம் எனக்கே இடிக்கிறது.

தோட்ட நிறுவனங்களிடம் நிலம் இருந்தது. நீண்டகாலக் குத்தகையும் நிரந்தரப் பட்டாவும் இருந்தன. பொறுமைக்குத் தேவையான எல்லாம் இருந்தும் அவர்கள் நட்டது ஒற்றைப் பயிர். நம்மவர்களையே எடுத்துக்கொள்வோம். பிரிக்பீல்ட்ஸின் முக்கியச் சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர் வைத்திருக்கிறார்கள். சாப்பிடவும் சாமி கும்பிடவும் அங்கே போகிற இளைஞர்களில் எத்தனை பேருக்கு 1960 நினைவிருக்கும்? வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பிய காலம் அது. தொழிலாளிகள் நடுத்தெருவில் நின்றார்கள். அமைச்சராக இருந்த சம்பந்தன், தொழிலாளிகளின் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களை வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெட்டுகிறவனே உடைமையாளன் ஆகலாம் என்பது அந்தக் காலத்தில் பெரிய கனவு, பெரிய சாதனை. ஆனால் வாங்கிய தோட்டங்களும் ரப்பரும் செம்பனையுமாகத்தான் தொடர்ந்தன. அதில் குறை காண எனக்கு விருப்பமில்லை. கடனைக் கட்ட வேண்டும், ஆலை கேட்பதைத் தர வேண்டும், வங்கிக்குப் புரிகிற பயிராக இருக்க வேண்டும். லயத்துக்குப் பின்னாலிருந்த அறிவு, பட்டா கைக்கு வந்த பிறகும் முன்வாசலுக்கு வரவில்லை.

ஒற்றைப் பயிர் வசதியானதுதான், வானம் ஒத்துழைக்கும்வரை. 2015-இல் தொடங்கிய எல் நினோ வறட்சிக்குப் பிறகு மலேசியாவின் கச்சாச் செம்பனை எண்ணெய் உற்பத்தி சுமார் 2 கோடி டன்னிலிருந்து 2016-இல் ஏறத்தாழ 1.73 கோடி டன்னாக இறங்கியது. ஒரே பயிர் என்றால் ஒரே அடி.

பிரேசிலில் டோமே-அசு என்றொரு ஊர் இருக்கிறது, அமேசான் பகுதியில். 1929-இல் அங்கே ஜப்பானியக் குடியேறிகள் போய் இறங்கினார்கள். 1930-களில் சிங்கப்பூர் வழியாகப் போய்ச் சேர்ந்த மிளகுக் கொடி, போருக்குப் பிறகு அவர்களைப் பணக்காரர்களாக்கியது. எங்கு பார்த்தாலும் மிளகு. பிறகு வேரழுகல் நோய் வந்து, 1970-களுக்குள் அந்தச் செல்வத்தைத் துடைத்துப் போட்டது. அவர்களில் சிலர் அப்போதுதான் தலை நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார்கள். ஆற்றங்கரையோர ஏழைகளின் வீட்டுக் கொல்லையில் எல்லாம் கலந்து வளர்ந்துகொண்டிருந்தது. யாரும் பட்டினி கிடக்கவில்லை. அதைப் பார்த்து, மிளகோடு கொக்கோ, பழக்கொடிகள், மேலே உயரமான மரங்கள் என்று அடுக்கினார்கள். அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் பழச்சாறு ஆலையும் வைத்தது. 2008-இல் அதே ஊரில் செம்பனையைக்கூட மற்ற மரங்களோடு கலந்து நட்டுச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

அவர்களும் கப்பலேறி வந்தவர்கள்தான். அவர்களிடம் நிலம் இருந்தது. கூட்டுறவு இருந்தது. பல பொருளை வாங்கிப் பதப்படுத்தும் ஆலை இருந்தது. இதற்கெல்லாம் மேலாக, ஏழையின் கொல்லையிலிருந்து பாடம் படிக்கும் மனம் இருந்தது. அதற்குக்கூட முதலில் ஒரு பேரழிவு வர வேண்டியிருந்தது. ஆக, நிலவுரிமை அவசியம். அது மட்டும் போதாது. யாருடைய அறிவை அறிவென்று மதிக்கிறோம் என்பதும் அதோடு சேர்ந்தே வருகிறது.

*

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். வருங்காலத்துக்காக மரம் நடும் கடமை யாருடையது?

ஹான்ஸ் ஜோனாஸ் என்ற ஜெர்மானியத் தத்துவவாதி 1979-இல் பொறுப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இன்னும் பிறக்காதவர்களுக்கும் நாம் கடமைப்பட்டவர்கள் என்பது அதன் மையம். அதில் எனக்குப் பிடித்த இழை ஒன்று உண்டு: பொறுப்பு அதிகாரத்தைத் தொடர்ந்து வருகிறது. ஒன்றைக் காக்கவோ அழிக்கவோ எவருக்குச் சக்தி இருக்கிறதோ அவருக்கே அதன் மீது கடமை. கைக்குழந்தையின் முன் தாய் தகப்பனுக்கு இருப்பதுபோல.

இதை நிலத்துக்குப் பொருத்தினால், மரம் நடும் கடமையின் அளவு ஒருவருடைய கையில் எத்தனை வருஷம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு வருஷம் வைத்திருப்பவர் அந்த ஒரு வருஷத்தில் மண்ணைக் கெடுக்காமலிருக்கக் கடமைப்பட்டவர். கிள்ளான் பாட்டி புல்லைப் பரப்பி மண்ணை மூடினார். தன் பங்கைச் செய்துவிட்டார். அதற்கு மேல் அவரிடம் கேட்பது, சம்பளமில்லாத வேலைக்கு ஆள் பிடிப்பதுபோல. வருஷங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுப்பவருக்குத்தான் மீதிக் கடமை. அவர் நிலத்தை மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும் என்றுகூட இல்லை. உரிமத்தைப் பத்தாண்டாக்கலாம். நட்டவர் வெளியேற நேர்ந்தால் மரத்துக்கு உரிய விலை தரப்படும் என்று ஒரு வரி எழுதலாம். அந்த ஒரு வரி ஆயிரம் விழிப்புணர்வுப் பதாகைகளைவிடக் கூடுதல் மரத்தை வளர்க்கும் என்பது என் துணிபு.

இதற்கு மறுப்பு உண்டு. ‘என் நிலமில்லை’ என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டால் எந்த மரம்தான் வளரும்? சாலையோரத்தில், கோயில் வாசலில், தனக்குச் சொந்தமில்லாத எத்தனையோ இடத்தில் யாரோ நட்ட மரத்தின் நிழலில்தானே நாம் நிற்கிறோம்? உண்மைதான். கிள்ளானிலும் பூச்சோங்கிலும் அடுக்குமாடிகளின் நடைவழியில் பழைய பெயிண்ட் டின்னில் கறிவேப்பிலை நிற்கிறது. சில இடத்தில் முருங்கைகூட. வீடு மாறினால் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அதைப் பார்த்துச் சிலிர்த்து, ‘எங்கே போனாலும் நடுகிறவன் தமிழன்’ என்று எழுதலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. நிலமில்லாமல் நடுகிறவர்களைப் போற்றலாம், ஆனால் அதை வைத்து அவர்களுக்கு நிலம் வேண்டாம் என்று ஆக்கிவிடக் கூடாது. ஒருவர் தானாக மனமுவந்து செய்யும் கொடையை இன்னொருவர் கடமை என்று வசூலிக்க முடியாது. டின்னில் வேர் சுருண்டு கிடக்கும் முருங்கை நிழல் தராது. அது மண்ணுக்காகக் காத்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் முடித்தால் நேர்மையாகாது. நம் தாத்தா பாட்டி நின்ற நிரையில் இன்று நிற்பவர்கள் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள், நேப்பாளிகள். செம்பனைக் குலையை அறுப்பவர்களும் கேமரன் மலையில் கீரை பறிப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். அவர்களுடைய வேலைப் பெர்மிட் வருஷா வருஷம் புதுப்பிக்கப்படுவது. அதே ஒரு வருஷம். நிலத்துக்கு இருந்த உரிமத்தை இப்போது மனிதனுக்கே மாட்டிவிட்டோம். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிக் கதையும் கவிதையும் எழுதுகிற நாம், அந்தத் துயரத்தை நம் பாட்டன் சொத்தாக மட்டும் வைத்துக்கொண்டால், துயரத்திலிருந்து எதையும் கற்கவில்லை என்றுதான் பொருள். அவர்களும் விடுதிக்குப் பின்னால் மிளகாயும் மரவள்ளியும் போட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் தெரியும், அவர்களுக்கும் மண் தெரியும்.

*

2021-இல் மலேசியாவில் ஐந்தாண்டுக்குள் 10 கோடி மரம் நடும் இயக்கம் தொடங்கியது. நல்ல காரியம். எண்ணிக்கையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கன்று எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி இருக்க வேண்டும் என்று ஒரு பொறியாளனாக நினைக்கிறேன்: அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் அங்கே எத்தனை வருஷம் இருக்க முடியும்? வடிகாலுக்கு அதை எழுதாமல் எங்கள் வரைபடத்தை யாரும் ஏற்க மாட்டார்கள். மரத்துக்கு மட்டும் அதை எழுதாமல் விட்டுவிடுகிறோம்.

கல்லூரி மன்றத்திலோ கோயிலிலோ அலுவலகத்திலோ உங்களையும் மரம் நடக் கூப்பிடுவார்கள். போங்கள். மண்வெட்டியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வதிலும் தப்பில்லை. கிளம்புவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம், அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்கிற ஆளைக் காட்டச் சொல்லி, அவரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு வாருங்கள்: “அண்ணே, இந்த எடம் ஒங்களுக்கு எத்தன வருஷத்துக்கு?”